அணையா விளக்கின் ஒயர்

என் மருமகனிடம் அவருடைய வலது கையைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "என் தப்புதான்லா. சுவிட்ச்ச தப்பான எடத்துல வச்சேன்." புக்கிட் செலம்பாவ் சாப்பாட்டுக் கடையில் கேட்பவர்களுக்கும் அதுதான், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் அதுதான். பழைய கூட்டாளிகளான வயர்மேன்கள் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார். ஹீட்டர் சேர்ந்த ஏர்கோன் மாட்டினால் வெளிப்பெட்டிக்குக் கீழே சுவிட்ச் வைக்காதீர்கள், நான் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று மடங்காத விரல்களைக் காட்டுவார். அவர் சொல்வது பாதிதான். மீதிப் பாதி என்னுடையது.

நான் பாடாங் செராய் பக்கத்து இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரம் என் பாடம். மின்னோட்டம் மனித உடம்பு வழியாகப் பூமிக்கு எப்படிப் போகும் என்பதை ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவேன். அந்தப் படத்தில் நான் வரையும் மனிதன் எப்போதும் ஈரத் தரையில் நிற்பான். அவன் கால்கள் குச்சி மாதிரி இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் போனவன் என்று எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் என்னைப் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்திச் சாமியார் பாராட்டியிருக்கிறார். அந்தப் பாராட்டிலிருந்து நான் இறங்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சண்டை, காற்றாடிச் சண்டை. எனக்கு எப்போதும் புழுங்கும், அவளுக்கு எப்போதும் குளிரும். நான் மூன்றில் வைப்பேன், அவள் எழுந்து ஒன்றில் வைப்பாள். "இந்தாங்க, ஒங்களுக்கு அவ்வளவு வேர்த்தா போயி ஐஸ்பெட்டிக்குள்ள படுங்க" என்பாள். அவளுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அது சண்டையாக இல்லாமல் போயிற்று. அவளுடைய இடது கையும் காலும் உள்ளே ஐஸ் வைத்துக் கட்டியது போல வலித்தன. குளிர் பட்டால் வலி கூடும் என்றார் மருத்துவர். மழைக்காலக் காலையில் ஜன்னலைச் சாத்தி, இரண்டு போர்வை போர்த்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அதே அறை மதியம் ஆனால் தகரக் கூரை காய்ந்து அடுப்பாகிவிடும். போர்வைக்குள் வேர்த்து, வேர்வை ஆறி, மறுபடி குளிர்ந்து, மறுபடி வலிக்கும். பகல் முழுவதும் இதுதான் சுற்று.

குளிரவும் வைக்கும், சூடும் ஆக்கும் ஏர்கோன் ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் என் மகள். சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் கேட்டபோது முதலாளியான சீனத் தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள், கெடாவுல ஹீட்டரா? வெளிய போயி நில்லுங்க, ஃப்ரீ ஹீட்டர்."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கோலாலம்பூரிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். ஆனால் அந்த மாதிரி யூனிட்டை மாட்டிப் பழக்கப்பட்ட ஆள் தன்னிடம் இல்லை என்றார். "யாராவது நல்ல வயர்மேன் புடிச்சுக்கோங்க. இது சும்மா பிளக்குல சொருகுற சாமான் இல்ல."

நல்ல வயர்மேன் என் குடும்பத்திலேயே இருந்தார். என் மகள் கட்டிக்கொண்டவர். அவர் என் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை, ஏனென்றால் நான் வரவிடவில்லை. அவர் இந்து என்பது ஒரு காரணம். மகள் கழுத்தில் மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியபோது நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மதத்தைவிட எனக்கு அதிகம் உறுத்தியது அவர் தோளில் தொங்கிய கருவிப்பைதான். பட்டம் வாங்கிய பெண் ஏணி ஏறுகிறவனோடு போய்விட்டாள் என்று நான் சொன்ன வார்த்தை அவர் காதுக்கும் போயிருந்தது. நடமாட்டம் இருந்தவரை மனைவி மட்டும் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவாள்.

வலிக்குச் சிகிச்சை பார்க்க மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மனைவி வீடு திரும்புவதற்குள் அறை தயாராக வேண்டும். வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா சார்?"

"வேலை உள்ளதான இருக்கு."

"அதான் கேட்டேன். வேலைக்கு மட்டுமா, டீக்குமான்னு."

வாய் நிறையப் பேச்சு, விசில் அடித்துக்கொண்டே வேலை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலையில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் யூனிட்டோடு வந்த தாளை மடியில் விரித்து முழுக்கப் படித்தார். பழைய பிளக்கிலிருந்து எடுக்கக்கூடாது, மெயின் பெட்டியிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், மெயின் அடிக்கப்போறேன். ஐஸ்பெட்டியில மீனு இருந்தா இப்பவே சொல்லிருங்க."

மெயினைத் தட்டி மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தன் தலைக்கவசத்தை அந்தப் பெட்டியின் கதவில் தொங்கவிட்டார். "ஹெல்மெட் தொங்குனா யாரும் பெட்டிய தொடக்கூடாது. எங்க வீட்ல ஒங்க மகளுக்கே அதான் சட்டம்." அதற்குப் பிறகும் மின்சாரம் இருக்கிறதா என்று டெஸ்ட் பென்னை ஒவ்வொரு ஒயரிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தார். பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் ஒயரை உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் மற்ற ஒயர்களைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டினார். நான் பின்னால் நின்று, அது ஏன் அப்படி என்று விளக்க ஆரம்பித்தேன். எது பிடுங்கிக்கொண்டு வந்தாலும் எர்த் கடைசியாகத்தான் வரவேண்டும் என்பது காரணம்.

"சார், கிளாஸ் எடுக்காதீங்க. நான் பின்வரிசை. பின்வரிசைக்குத் தூக்கம் வந்துரும்."

மெயின் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தபோதுதான் அவருடைய விசில் நின்றது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரவேற்பறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படமும் அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பும் இருக்கும். சாமியார் வந்து மந்திரித்து வைத்த படம். அந்தப் பல்பு அணையக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கெடாவில் மாலை ஆனால் இடி. இடி விழும்போதெல்லாம் வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். மின்சாரம் எங்கேயாவது கசிந்து தரைக்கு ஓடத் தொடங்கினால், ஆளைக் கொல்வதற்கு முன் வீட்டு மின்சாரத்தையே வெட்டிவிடுகிற சுவிட்ச் அது. இடிக்கும் சில நேரம் வெட்டும். அப்படி ஒரு மழை நாளில் நாங்கள் வெளியூர் போயிருந்து திரும்பியபோது விளக்கு அணைந்து கிடந்தது. அதே நாளில் செர்டாங்கில் இருந்த என் மனைவியின் அண்ணன் இறந்துபோனார். அதிலிருந்து வானம் இருண்டாலே அவள் சுவரைத்தான் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், பல வருஷங்களுக்கு முன்பு நானே பெட்டியைத் திறந்து, விளக்கின் ஒயரை டிரிப் சுவிட்சுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். வீடு இருண்டாலும் விளக்கு எரியும். ஒரு சின்ன பல்பு, அதனால் யாருக்கு என்ன ஆகிவிடும்? மனைவி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். படித்த புருஷன் என்றால் இதுதான் என்றாள்.

"யாரு சார் இத பண்ணது?" மருமகன் அந்த ஒயரை விரலால் தூக்கிக் காட்டினார். "டிரிப்புக்கு வெளியிலேருந்து எடுத்துருக்கான். மடையன்."

"பழைய வயர்மேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க ஆளுங்க சாமி மேடைக்கும் இப்படித்தான் கேப்பாங்க. அம்மன் வெளக்கு அணையக்கூடாதாம். அம்மனே வந்து கேட்டாலும் நான் பண்ண மாட்டேன்." திருகியால் திருகாணியைத் தளர்த்தி விளக்கின் ஒயரை டிரிப்புக்குள் கொண்டுவந்தார். ஏர்கோன் லைனையும் அதற்குள்ளேயே மாட்டினார். மடையன் என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

குழாய்களை இணைத்து, பம்பு வைத்து உள்ளிருந்த காற்றை முழுக்க இழுத்து, அதன் அளவுமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று டீ குடித்துக்கொண்டே காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கேஸைத் திறந்தார். வீட்டுக்குப் பின்சுவரில் இரும்புத் தாங்கியில் வெளிப்பெட்டி. வழக்கமாக எல்லா வீட்டிலும் வைப்பது போல அதற்கு நேர் கீழே சுவிட்ச். குளிர்வைக்கும் ஏர்கோனில் தண்ணீர் உள்பெட்டியில்தான் சொட்டும், அதற்குக் குழாய் வைப்பார்கள். சூடாக்கும்போது அது தலைகீழ், தண்ணீர் வெளிப்பெட்டியில் சொட்டும். கெடாவில் யார் ஏர்கோனைச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார்கள்? அது அவருக்குத் தோன்றவில்லை. தாளில் ஒரு மூலையில் படம் இருந்தது, அதை அவர் தாண்டிப் போயிருக்கிறார். எனக்கும் தோன்றவில்லை. வெப்பத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான்.

மனைவி வீட்டுக்கு வந்தாள். முதல் மழைக் காலையில் ரிமோட்டில் சூரியன் படத்தை அழுத்தினேன். உள்ளிருந்து இளஞ்சூடான காற்று வந்து அவள் மேல் பட்டது. இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துக் காற்றில் நீட்டி வைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கையை அவளாக வெளியே எடுத்தது அன்றுதான்.

"இட்லி மாதிரி வேகுறேன் போலயே" என்று கோணிய வாயால் சிரித்தாள். பிறகு, "மாப்ளய டீக்கும் கூப்பிடுங்க" என்றாள்.

நான் கூப்பிடவில்லை.

மழை பலமானது. காலையில் சூட்டில் ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் டிரிப் விழ ஆரம்பித்தது. தூக்கிவிடுவேன், மறுபடி விழும். இடி இல்லாதபோதும் விழுந்தது. அது விழும்போதெல்லாம் சூடும் போகும், சிவப்பு விளக்கும் போகும். படுக்கையிலிருந்து பார்த்தால் கதவு வழியாக அந்த விளக்கு தெரியும். பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு அழுகை சட்டென்று வரும். விளக்கு போனால் அழுவாள், குளிர்ந்தால் முனகுவாள். நான் பெட்டிக்கும் கட்டிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு ஃபோன் செய்தேன். மருமகன் வாங்கிப் பேசினார்.

"சார், டிரிப்பு சும்மா விழாது. ஏதோ ஒண்ணு எங்கயோ கசியுது. ஏர்கோன் பிரேக்கர மட்டும் அடிச்சு வச்சிருங்க. ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன். இப்ப பட்டர்வொர்த்துல வேலையில மாட்டிக்கிட்டேன். வேற எதையும் தொடாதீங்க, சரியா?"

தொடாதீங்க. அந்த வார்த்தைதான். என் வீட்டில், என் பாடத்தில், என்னிடம் தொடாதே என்று சொல்ல இவன் யார்? இடிக்கு விழும் பழைய டிரிப், வீம்புக்கு விழுகிறது, வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதினேன். உள்ளே மனைவி முனகிக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மை. அவளுக்காகச் செய்தேன் என்று பின்னால் நான் பலமுறை சொல்லிக்கொண்டேன். அவள் முனகாமல் இருந்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் இன்று நினைக்கிறேன்.

மெயினை அடித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். விளக்கின் ஒயரைப் பழையபடி டிரிப்புக்கு வெளியே எடுத்தேன். கூடவே ஏர்கோன் லைனையும் எடுத்தேன். லைவ் ஒயரை மட்டும் வெளியே எடுத்தால் போகிற மின்சாரமும் வருகிற மின்சாரமும் கணக்கு ஒவ்வாமல் டிரிப் உடனே விழுந்துவிடும், நியூட்ரலையும் சேர்த்து மாற்றவேண்டும் என்று தெரிந்த அளவுக்கு நான் படித்தவன். இரண்டையும் மாற்றினேன்.

அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை. இடி இடித்தது, விளக்கு எரிந்தது, சூடு வந்தது. மனைவி தூங்கினாள்.

ஞாயிறன்று பூசை முடிந்து நான் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் மகளும் மருமகனும் மோட்டார் சைக்கிளில் இல்லாமல், ஏணியை மேலே கட்டிக்கொண்டு காடியில் வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. மகள் நேரே அம்மாவிடம் போய்விட்டாள். மருமகன் ஹெல்மெட்டையும் கையில் கொண்டுவந்திருந்தார். காடியில் வரும்போது எதற்கு அது என்று கேட்டேன்.

"வேலைக்கு வந்தா அது வேணும் சார். பெட்டிக்கு மாலை போட வேணாமா?"

"இப்ப விழுறதில்ல" என்றேன்.

"என்னது?"

"டிரிப். இப்ப விழுறதில்ல."

அவர் புருவத்தை உயர்த்தினார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் பழைய வயர்மேன் யார் என்பதும் தெரிந்துவிடும். மடையன் யார் என்பதும்.

"தானா சரியாகுற டிரிப்ப நான் பாத்ததே இல்ல" என்று சிரித்தார். "சரி, வந்ததுக்குப் பாத்துட்டுப் போறேன். ஹீட்டுல போடுங்க சார், ஓடும்போது பாத்தாத்தான் தெரியும்."

ஏர்கோன் ஓட வேண்டியிருந்ததால் மெயினை அடிக்கவில்லை. ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்தார். நான் ரிமோட்டை அழுத்திவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். அவர் அலுமினிய ஏணியை ஈர மண்ணில் ஊன்றி ஏறி, வெளிப்பெட்டியின் அடியை எட்டிப் பார்த்தார்.

"அட ஆண்டவனே. தண்ணி இங்க சொட்டுது சார்! ஹீட்டுல வெளிய சொட்டும்லா, எனக்குத் தோணவே இல்ல. நேரா சுவிட்ச் மேல. இதான் கசிஞ்சிருக்கு. நான்தான் மடையன்!" சொல்லிக்கொண்டே, முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்று, முறைப்படி, அந்த சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

சத்தம் எதுவும் வரவில்லை. கை அந்தச் சுவிட்சுப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு ஒருமுறை விறைத்தது. கரும்பலகையில் நான் எத்தனையோ தடவை வரைந்த அந்த மனிதன் என் வீட்டுப் பின்சுவரில் நின்றான். நான் உள்ளே ஓடி மெயினைத் தட்டினேன். திரும்பி வந்தபோது ஏணியோடு சேர்ந்து சிமெண்டு வாய்க்கால் மேல் விழுந்துகிடந்தார். மூச்சு இருந்தது. வலது கை உடம்புக்கு அடியில் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது.

மகள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் அவர் மகன்களும் வேலியைத் தாண்டி வந்து தூக்கினார்கள். காடியில் ஏற்றியதும் மகள் ஜன்னல் வழியாக, "அப்பா, நீங்க அம்மாவப் பாத்துக்குங்க" என்றாள். காடி தெருமுனை தாண்டியது.

உள்ளிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க ஆச்சு? இந்தாங்க, என்ன ஆச்சு?"

"வர்றேன்" என்றேன்.

போகவில்லை. நாற்காலியில் ஹெல்மெட் இருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய கருவிப்பை. அதற்குள்ளிருந்து திருகியை எடுத்து, பெட்டியைத் திறந்து, எல்லா ஒயரையும் அவர் மாட்டி வைத்திருந்தபடியே டிரிப்புக்குள் கொண்டுவந்தேன். மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து வர முடியாதவள் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் கடைசித் திருகாணியையும் இறுக்கி, மூடியை மாட்டி, திருகியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு அவளிடம் போனேன்.

மருமகனுடைய கூட்டாளி வயர்மேன் ஒருவர் மறுநாள் வந்து எல்லாவற்றையும் சோதித்தார். சுவிட்சுக்குள் தண்ணீர் நின்றது. டிரிப்பின் சோதனைப் பொத்தானை அழுத்தினார், பட்டென்று விழுந்தது.

"டிரிப்பு நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு ஏன் விழலன்னு தெரியலியே சார். சில நேரம் ஏமாத்துமோ?"

"சில நேரம் அப்படி ஆகும்" என்றேன். இயற்பியல் ஆசிரியர் சொன்னதால் அவர் நம்பினார்.

எலும்பு கூடியது, ஆனால் நரம்பு திரும்பவில்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையும் கவ்வாது. திருகி பிடிக்க முடியாத வயர்மேன் என்ன செய்வார்? இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஏணி இன்னும் அவர் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது, மகள் அதில் துணி காயப் போடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு, "சாரி சார், அத்தைக்கு ஹீட்டர் போச்சே" என்பதுதான். நான் அவர் நெற்றியைத் தடவி, "ஒண்ணும் யோசிக்காதீங்க மாப்ள" என்றேன். மாப்ள என்று அவரை நான் கூப்பிட்டது அதுவே முதல்முறை. மகள் அழுதாள். அதற்குப் பிறகு வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குப் போனேன், பழம் வாங்கிக்கொண்டு, மீன் வாங்கிக்கொண்டு. அவரும் கொஞ்சம் கொஞ்சமாக என்னை மாமா என்று கூப்பிடத் தொடங்கினார். விபத்தில் ஒரு நன்மை, கிழவன் திருந்திவிட்டான் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த மரியாதையையும் நான் வாங்கிக்கொண்டேன்.

வேறு வயர்மேன் வந்து சுவிட்சை இடம் மாற்றி, வெளிப்பெட்டிக்கு வடிகுழாய் வைத்து, மறுபடி சூடு வந்தது. இடிக்கு மட்டும் டிரிப் விழும், விளக்கு அணையும். ஒருநாள் விளக்கு அணைந்தபோது மனைவி அழவில்லை. பழையபடி அணையாமல் எரிய வைக்கட்டுமா என்று, அதைக் கேட்கும் துணிச்சலும் எனக்கு இருந்திருக்கிறது, கேட்டேன்.

"வேணாங்க" என்றாள். "அந்தப் புள்ள மாட்டி வச்சது அப்படியே இருக்கட்டும். அணைஞ்சா அணையட்டும். கொஞ்ச நேரம் இருட்டுல இருந்தா சாமி கோவிச்சுக்கமாட்டாரு."

யாருக்காக அந்த ஒயரை மாற்றினேன் என்று நினைத்தேனோ, அவள் அதை இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தாள். நான் அவளை ஒருமுறை கேட்டிருக்கலாம். அடுத்த வெயில் காலத்தில், குளிர்காற்று ஓடிக்கொண்டிருந்த அறையில், நான் மாப்பிள்ளையோடு சமாதானமாகிவிட்டேன் என்ற நிம்மதியோடு அவள் போய்ச் சேர்ந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் இடது கையால் டீ கலக்கி என் முன்னால் வைத்தார்.

"மாமா, ஒங்க வீட்டு டிரிப்ப மாத்திரணும். நான் ஆள அனுப்புறேன். என்னை ஒருதடவ ஏமாத்துன சாமான் அது. இப்ப நீங்க தனியா வேற இருக்கீங்க. விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது ஒங்கள ஏமாத்தல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய வயர்மேன் யார் என்பதிலிருந்து, அவருடைய திருகியைத் துடைத்து வைத்தது வரைக்கும்.

"ஏர்கோன் லைனயுமா வெளிய எடுத்தீங்க?"

"ஆமா."

"நியூட்ரல்?"

"அதையும்."

தலையை மெல்ல ஆட்டினார். ஒருமுறை சிரித்தார், அதில் சிரிப்பு இல்லை. "லைவ் மட்டும் மாத்தியிருந்தீங்கன்னா டிரிப்பு மேல நிக்கவே நின்னுருக்காது. அப்பவே விழுந்திருக்கும். ஒண்ணும் தெரியாதவன் கைவச்சிருந்தா நான் இன்னிக்கும் ஏணியில நிப்பேன்."

வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் ஏறும்போது பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

"ஆமா."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அது ஒண்ணுதான் நல்லது."

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் ஈரத்துணி. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"ஒரு மெழுகுவத்தி ஏத்தி வச்சிருந்தா போதுமேப்பா" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை மேசைமேல் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. மருமகன் வேன் சாவியை இடது கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பிள்ளைகளை ஏற்றும் நேரம்.

"டீ ஆறிப்போச்சு" என்றார். "குடிச்சிட்டுக் கெளம்புங்க சார்."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. பெருநாளுக்கு மகள் ஃபோனில் வாழ்த்து அனுப்பினாள், மற்ற எல்லோருக்கும் அனுப்பிய அதே படம். என் மனைவியின் அறையில் யூனிட் சுவரில் இருக்கிறது. எனக்கு இப்போது புழுங்குவதும் இல்லை, குளிர்வதும் இல்லை, அதைப் போடுவதில்லை.

அவர் கூட்டாளியை அண்மையில் பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். மருமகன் இன்னமும் எல்லோரிடமும் தன் தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். என்னைக் காப்பாற்றுவதற்காக என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன், பழைய கர்வம் அப்படி. அது இல்லை. உண்மையைச் சொன்னால் என்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதற்குத் தன் தப்பு என்று சொல்லிவிட்டுப் போவதே அவருக்கு மேல்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சுவிட்ச் தவறான இடத்தில் இருந்தது உண்மை, தண்ணீர் சொட்டியதும் உண்மை. அந்தத் தவறு நடந்தால் ஆளைக் காப்பாற்ற ஒரு டிரிப் சுவிட்சையும் அவர் சரியாக மாட்டியிருந்தார். அது நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அவரை அதற்கு வெளியே நிறுத்தினேன்.